படிவம் 47

நூற்றுப் பன்னிரண்டு மருத்துவர்கள்
மஞ்சக்குப்பத்தில் என் அறையில்
ஒரு குளுக்கோஸ் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறார்கள்.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
எக்காரணம் கொண்டும் அடையாளம் தேடப்படமாட்டாது
என்று முதல் பக்கத்தில்
நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கடந்த இரண்டு வாரங்களில்
எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா?
இல்லை. சில நாட்கள். பாதிக்கு மேல். தினமும்.
நாள் முழுக்கப் பிறரைக் கேள்வி கேட்பவர்கள்
பதில் சொல்லத் தெரியாமல்
ஓரங்களில் கிறுக்கியிருக்கிறார்கள்.
தூக்கம் என்று எதைக் கேட்கிறீர்கள், என்கிறது 12.
நேற்று ஒரு குழந்தை, என்று தொடங்கி
அடித்துவிட்டிருக்கிறது 80.
நானும் ஓரிரவு ஒன்றை நிரப்பிப் பார்த்தேன்.
என் மொத்தத்தைச் சொல்லமாட்டேன்.

குடிப்பதுண்டா என்ற கேள்விக்குக்
"கடலூரில் இல்லை" என்று எழுதியது 47.
இந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை.
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால்
கால்மணியில் வேறு எல்லை, வேறு விலை,
தெரியாத முகங்கள்.
தாளைத் திருப்பியும் எழுதியிருந்தார்:

"முள்ளோடையில் ஒருவன் எழுந்து வணக்கம் வைத்தான்.
போன மாதம் அவன் ஈரலைப் படத்தில் காட்டி
இனி தொட்டால் செத்துப்போவாய் என்றிருந்தேன்.
அவன் கிளாஸை மறைத்தான்.
நான் என்னுடையதை.
திரும்பும்போது ஆல்பேட்டைச் சாவடியில்
பைக்குகளை நிறுத்திச் சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள்.
என் கார்க் கண்ணாடியில் சிவப்புச் சிலுவை.
போங்க சார் என்றார்கள்.
யாராவது ஒருநாள்
டிக்கியைத் திறக்கச் சொல்லியிருக்கலாம்."

ஒன்பதாவது கேள்வி
உயிரோடு இருப்பது பற்றியது.
அதற்கு 47 எதையும் குறிக்கவில்லை.
கட்டங்களுக்கு வெளியே
பேனா வெகுநேரம் ஊன்றி நின்ற நீலப் புள்ளி,
தாளின் மறுபக்கம் வரை.

கணக்கு பார்க்கும் அந்துவான்
சனிக்கிழமை பாண்டியிலிருந்து பேசினார்.
ஒரு கட்டம்தானே மேடம்,
மத்தவங்க சராசரியைப் போட்டு அடைச்சிடலாம்,
பூஜ்யம் புள்ளி மூணு.
அவர் மேல் தப்பில்லை, அது வழக்கம்தான்.
காலியாகவே இருக்கட்டும் என்றேன்.

மேசை இழுப்பறையில்
வார்டுகளிலிருந்து வந்த பரிந்துரைச் சீட்டுகள் கிடக்கின்றன.
"குடிப்பழக்கம். நல்ல மனிதர். பார்க்கவும்."
தமிழில் சீட்டு எழுதுகிற டாக்டர்கள் இங்கே குறைவு.
எடுத்துவைத்து ஒப்பிட ஒரு நிமிடம் போதும்,
ழகரத்தின் வால் காட்டிக்கொடுத்துவிடும்.
பூட்டிச் சாவியைக் கலிவரதனிடம் தந்தேன்.
நானே கேட்டாலும் குடுக்காதீங்க என்றேன்.
ஏன் என்று கேட்காமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
ஒரே செய்தி அனுப்பினேன்.
ஒன்பதாவது கேள்வியில் நின்றவர்கள்
எந்த நேரமும் கூப்பிடலாம். கீழே என் எண்.

நால்வர் அழைத்தார்கள்.
ஒருவருக்கு மகளின் பரீட்சைப் பயம்.
ஒருவர், முடிவுகளை மாநாட்டில் வாசிக்கலாமா என்றார்.
மகப்பேறு பிரிவுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே இருந்துவிட்டு
சாரி, லேபர் ரூம்ல கூப்பிடறாங்க, என்று வைத்தாள்,
மறுநாள் நேரில் வந்தாள்.
நான்காவதில் குரலே இல்லை.
பாலத்தின் இணைப்புகள் மேல்
லாரி ஒன்று தடதடத்துப் போனது கேட்டது.
லைன்லதான் இருக்கேன் என்றேன்.
பத்தொன்பது நிமிடம் இருந்தேன்.

செவ்வாய் மதியம்
கலிவரதன் ஒரு சீட்டைக் கொண்டுவந்தார்.
கையெழுத்தைப் பார்க்காமல் வாசிக்க முயன்றேன்.
குடிப்பழக்கம். பார்க்கவும்.
நல்ல மனிதர் என்பது இல்லை.
வயது 44.
பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.
டாக்டர் மறந்துட்டாரு போல,
போய்க் கேட்டு எழுதிட்டு வரட்டுமா மேடம்?

வேண்டாம் என்றேன்.
இன்றைக்கு ராத்திரி அறையைப் பூட்டவேண்டாம் என்றேன்.
எதிர் நாற்காலியில் அடுக்கியிருந்த படிவங்களை
எடுத்துத் தரையில் வைத்தேன்.